உங்களுக்குத் தெரியுமா? இலையிலும் தேன் சுரக்கும்!

இட்லிப்பூவைப் பறித்து, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நரம்பை மெல்ல உருவி, அதன் நுனியில் தொக்கி நிற்கும் துளியைச் சப்பியிருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்து வேலியோரம் பலருக்கும் முதலில் கிடைத்த தேன் அதுதான். அந்தத் துளியைச் சுரக்கும் உறுப்புக்குத் தேன்சுரப்பி என்று பெயர். இது பூவுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். இலைக்காம்பிலும், இலை நரம்பிலும், மொட்டின் அடியிலும்கூட இது உண்டு. பூவில் சுரப்பது மகரந்தம் சுமப்பவர்களுக்கான கூலி. வெளியே சுரப்பது காவல்காரர்களுக்கான கூலி. இந்தக் கூலிக் கணக்கில் நடக்கும் நேர்மையும் தில்லுமுல்லும் இனி வரும் துணுக்குகளில்.

● பூவே தொடாத தேன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் வட்டாரம் தேனுக்குப் பெயர் போனது. அந்தத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை; ரப்பர் மரத்தின் இலைக்காம்பிலிருந்து வருகிறது. ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்துப் பிறகு துளிர்க்கும். ஒரு காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கும். இலை இளசாக இருக்கும் சில வாரங்களுக்கு அவற்றில் தேன் கசியும். தேனீப் பெட்டிக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து மணல்மணலாகிவிடும். அதைப் பார்த்துச் சர்க்கரைப் பாகு கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். குளுக்கோஸ் மிகுந்த தேன் அப்படித்தான் உறையும்.

● ஆமணக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஓடைக்கரையிலோ குப்பைமேட்டிலோ ஓர் ஆமணக்குச் செடி கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கைவிரல் விரித்தாற்போன்ற இலை, காம்போடு சேரும் இடத்தில் சிறு மருக்கள் போல மேடாகத் தெரியும். காம்பின் மீதும் அது தண்டோடு சேரும் கணு அருகிலும்கூட அவை இருக்கலாம். காலை வெயில் ஏறுமுன் பார்த்தால் அவற்றின் மேல் கண்ணாடி போல ஒரு துளி நிற்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். பெரும்பாலும் உங்களுக்கு முன்பே ஓர் எறும்பு அங்கே வாய் வைத்துக்கொண்டிருக்கும். அந்த மருதான் தேன்சுரப்பி.

● ஆவாரையின் தலைகீழ் வழக்கம்

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அதன் இலையில் உண்டு. எதிரெதிரே நிற்கும் ஒவ்வொரு சிற்றிலைச் சோடிக்கும் நடுவே, நரம்பின் மேல் ஊசி போல நிமிர்ந்து நிற்கும் மெல்லிய சுரப்பியைப் பார்க்கலாம். பூவைத் தேடி வரும் வண்டுகளுக்கு மகரந்தம் மட்டுமே கூலி. தேன் முழுவதும் இலைக்காவலுக்கு.

● தலைக்கணக்கு

பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் செடி இனங்களை 2013இல் ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். 108 குடும்பங்களில் 3,941 இனங்கள் தேறின. நம் வீட்டைச் சுற்றியே பலவற்றைக் காணலாம்: தட்டைப்பயறு, பீர்க்கு, பருத்தி, முந்திரி, பூவரசு, நாட்டு வாதுமை, கருவேலம், சீமைக்கருவேலம். பூவரசின் சுரப்பி இலையின் அடிப்பக்கம், நடுநரம்பு தொடங்கும் இடத்தில் இருக்கும்.

● எள்ளுப் பூவின் பக்கத்தில்

எள்ளுச் செடியில் பூக்காம்பின் அடியில் இருபுறமும் மஞ்சளாகச் சிறு குமிழ்கள் தெரியும். பூவாக மலர வேண்டியவை வளர்ச்சி நின்று தேன்சுரப்பிகளாக மாறியவை அவை. பூ மலராமல் போனாலும் அந்த இடம் வேலையில்லாமல் இருப்பதில்லை.

● டார்வினுக்கும் சறுக்கும்

இலையில் ஏன் தேன் சுரக்க வேண்டும்? 19ஆம் நூற்றாண்டில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. செடி வெளியேற்றும் கழிவுதான் அந்தத் தேன் என்பது சார்லஸ் டார்வினின் எண்ணம். எறும்பைக் காவலுக்கு அழைக்கத்தான் செடி தேன் வைக்கிறது என்றார்கள் இத்தாலியின் ஃபெடரிகோ டெல்பினோவும் ஆங்கிலேயரான தாமஸ் பெல்ட்டும். பின்னால் வந்த சோதனைகள் பெரும்பாலும் இவர்கள் இருவர் பக்கமே சாய்ந்தன.

● வீடு, சாப்பாடு, சம்பளம்

பெல்ட் இதைக் கண்டது நிகரகுவாவில். 1874இல் அவர் எழுதிய புத்தகத்தில், எருமைக்கொம்பு போல முள் வளரும் ஒரு வேல மரம் வருகிறது. அந்த முள்ளைக் குடைந்து எறும்புகள் குடியிருக்கின்றன. இலைக்காம்பில் தேன் கிடைக்கிறது. சிற்றிலை நுனிகளில் புரதமும் கொழுப்பும் நிறைந்த மஞ்சள் உருண்டைகள் கிடைக்கின்றன. அவற்றை இன்றும் பெல்ட்டின் பெயரால்தான் அழைக்கிறார்கள். பதிலுக்கு எறும்புகள் புழு பூச்சிகளைக் கடித்து விரட்டும். மேல் படரும் கொடியையும் அறுத்துத் தள்ளும். 1960களில் டேனியல் ஜான்சென் மெக்சிகோவில் சில மரங்களிலிருந்து எறும்புகளை அகற்றிப் பார்த்தார். பூச்சிகள் அந்த மரங்களை மொட்டையடித்தன.

● விட்டுப் போக முடியாத வேலை

அந்த வேல மரத்தின் காவல் எறும்புகளுக்கு வேறிடம் போக வழியில்லை. சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். வளர்ந்த வேலைக்கார எறும்புகளிடம் அது வேலை செய்வதில்லை. மரமோ சுக்ரோஸை முன்கூட்டியே உடைத்து, உடனே செரிக்கும் தேனாகத் தருகிறது. மார்ட்டின் ஹைலும் அவருடைய குழுவினரும் 2014இல் இன்னொன்றைக் கண்டார்கள்: எறும்பின் அந்த நொதியை முடக்குவதே மரத்துத் தேனில் இருக்கும் ஒரு புரதம்தான். புதிதாகக் கூட்டிலிருந்து வெளிவரும் எறும்பு முதல் வாய் தேனைக் குடித்ததுமே இந்த மரத்துக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது.

● சைவச் சிலந்தி

எட்டுக்கால் பூச்சி என்றாலே வேட்டைதான். விதிவிலக்காக, மெக்சிகோவிலும் கோஸ்டாரிகாவிலும் இருக்கும் ஒரு குதிக்கும் சிலந்தி பெரும்பாலும் தாவர உணவிலேயே காலம் தள்ளுகிறது. மேலே சொன்ன வேல மரத்தில் குடியேறி, எறும்புகள் கண்ணில் படாமல் தாவித் தாவி, அவற்றுக்கென்று வைத்த உருண்டைகளையும் தேனையும் தின்கிறது. அதன் அறிவியல் பெயர் பகீரா கிப்லிங்கி. கிப்ளிங் கதையில் வரும் கருஞ்சிறுத்தை பகீராவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

● காவலாளி வாடிக்கையாளரை விரட்டினால்?

எறும்புக் காவல் இருக்கும் மரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. பூவுக்கு வரும் தேனீயையும் எறும்பு கடித்துத் துரத்திவிடும். தான்சானியாவில் ஒரு வேல மரத்தை ஆராய்ந்தவர்கள் 1997இல் இதற்கு விடை சொன்னார்கள். புதிதாக மலர்ந்து மகரந்தம் விரியும் நேரத்தில், எறும்புக்குப் பிடிக்காத ஒரு வாசனை அந்தப் பூவிலிருந்து எழும்புகிறது. எறும்பு ஒதுங்கிக்கொள்ளும், தேனீ வந்து வேலையை முடித்துப் போகும். பூ வயதானதும் வாசனை குறையும். எறும்பு திரும்ப ரோந்துக்கு வரும்.

● யானை வராவிட்டால் சம்பளம் குறையும்

கென்யாவில் சில வேல மரங்களைச் சுற்றி வேலி போட்டு, யானை, ஒட்டகச்சிவிங்கி போன்ற பெரிய விலங்குகள் தின்ன வராமல் பத்தாண்டு காத்தார்கள். மரங்கள் செழித்திருக்க வேண்டும் அல்லவா? தின்ன வருபவர்கள் இல்லை என்றதும் மரங்கள் தேன்சுரப்பிகளைக் குறைத்துக்கொண்டன. எறும்பு குடியிருக்கும் முள்வீடுகளையும் குறைத்தன. நல்ல காவல் எறும்பு நலிந்தது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த இன்னோர் எறும்போ, மரத்தைத் துளைக்கும் வண்டுகளை வரவேற்கும் ரகம். வேலிக்குள்ளிருந்த மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. 2008இல் வெளியான ஆய்வு இது.

● மேற்குத் தொடர்ச்சி மலையின் வாடகை வீடு

ஹம்போல்டியா என்றொரு சிறு மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்டு. இலையிலும் மொட்டை மூடும் செதிலிலும் தேன் சுரக்கும். சில மரங்களில் கிளையின் கணுவிடைகள் உப்பி உள்ளே கூடாகி, பக்கத்தில் தானாக ஒரு வாசலும் திறக்கும். அங்கே எறும்பு குடியேறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ரெனி போர்ஜஸும் அவருடைய மாணவர்களும் இதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வீடுகளுக்குள் எறும்போடு மரத்தில் ஏறும் மண்புழு ஒன்றும் குடியிருப்பதை அவர்கள் கண்டார்கள்.

● கடி வாங்கினால் கூலி கூடும்

சுரப்பிகள் எல்லா நாளும் ஒரே அளவில் சுரப்பதில்லை. புழு இலையைக் கடித்தால், ஜாஸ்மோனிக் அமிலம் என்ற உட்செய்தி செடிக்குள் பரவும். உடனே தேன் கூடும். கூடுதல் தேனுக்குக் கூடுதல் எறும்பு. ஐரோப்பாவில் பரவலாகப் பயிராகும் பெரிய அவரை வகை ஒன்றில், இலையை வெட்டிக் காயப்படுத்தினால் அதற்குப் பின் வளரும் பகுதிகளில் சுரப்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது.

● புண்ணிலிருந்து தேன்

சுரப்பி என்ற உறுப்பே இல்லாமல் தேன் தரும் செடியும் உண்டு. மணத்தக்காளிக்கு உறவான ஓர் ஐரோப்பியக் கொடி, பூச்சி கடித்த காயத்தின் வழியே இனிப்புத் துளிகளைக் கசியவிடுகிறது. காயத்தில் ஒழுகும் சாறாக இருக்கும் என்றே முதலில் தோன்றும். 2016இல் பெர்லின் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அது வெறும் சாறு அல்ல, சர்க்கரை நிறைந்த தனிச் சுரப்பு என்று தெரிந்தது. அதைக் குடிக்க வந்த எறும்புகள் செடியைத் தின்னும் வண்டுப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போயின.

● பூக்காத செடியிலும் தேன்

பெரணிகள் பூப்பதே இல்லை. ஆனாலும் உலகெங்கும் பரவியிருக்கும் பிராக்கன் பெரணியின் இளந்தண்டில் தேன் சுரக்கும். கொல்லிமலையில் சூப்புக்கு விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் ஒரு பெரணியுடையதுதான். அது சேர்ந்த டிரைனேரியா பேரினத்திலும் இலைத் தேன்சுரப்பிகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. மகரந்தம் என்ற பேச்சே இல்லாத செடிக்குத் தேன் எதற்கு என்றால், காவலுக்குத்தான்.

● போலி முட்டை

சில வகைப் பட்டாம்பூச்சிகள் பேஷன் பழக் குடும்பத்துக் கொடிகளில் முட்டையிடும். ஏற்கெனவே முட்டை இருக்கும் இலையில் இட்டால் தன் குஞ்சுப் புழுவை மூத்தது தின்றுவிடும் என்பதால், அந்த இலையைத் தவிர்த்துவிடும். தென் அமெரிக்காவின் சில கொடிகள் இதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. இலையிலோ காம்பிலோ முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் வைக்கின்றன. அவற்றில் சில தேன்சுரப்பிகளும்கூட. ஒரே புள்ளி பட்டாம்பூச்சியை ஏமாற்றுகிறது, எறும்பை வரவழைக்கிறது.

● தேன் எங்கிருந்து வருகிறது?

இலை வெயிலில் சமைத்த சர்க்கரை, உணவுக் குழாய் வழியாகச் சுரப்பிக்கு வருகிறது. அங்கே செல்லின் வாசலில் சர்க்கரையை வெளியே தள்ளும் புரதம் ஒன்று இருப்பதை 2014இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்வீட்9. யாரும் குடிக்காமல் மீந்த தேனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் செடிகளும் உண்டு.

● பள்ளி ஆசிரியர் கண்ட ரகசியம்

ஜெர்மனியின் ஷ்பாண்டாவ் நகரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல். 1787இல் ஒரு காட்டுப் பூவின் இதழடியில் மெல்லிய மயிர்களைப் பார்த்து, எதற்கு இவை என்று யோசித்தார். உள்ளே இருக்கும் தேனில் மழைநீர் கலக்காமல் காக்கத்தான் என்று முடிவுக்கு வந்தார். அங்கிருந்து நூற்றுக்கணக்கான பூக்களை ஆராய்ந்து, பூவின் நிறமும் கோடும் பூச்சிக்கு வழிகாட்டத்தான் என்று 1793இல் புத்தகம் போட்டார். அவர் காலத்தில் அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. அரை நூற்றாண்டு கழித்து டார்வின் படித்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

● நாக்கை அளந்து சொன்ன சோதிடம்

டார்வினுக்கு மடகாஸ்கரிலிருந்து ஓர் ஆர்க்கிட் பூ வந்தது. வால் போல நீண்ட அதன் தேன்குழல் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம், தேன் அடியில் மட்டும். அந்த ஆழத்துக்கு எட்டும் நாக்கோடு ஓர் அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே ஆக வேண்டும் என்று 1862இல் எழுதினார். சிரித்தவர்களும் உண்டு. ஆல்ஃபிரட் வாலஸ் 1867இல் அவரை ஆதரித்து எழுதினார். டார்வின் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1903இல் அந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். முன்கூட்டியே சொல்லப்பட்டது என்று பொருள்படும்படி பிரடிக்டா என்றே வைத்தார்கள். அது அந்தப் பூவில் தேன் குடிப்பதைக் கண்ணால் கண்டது 1990களில்தான். இலைத் தேனில் தவறிய டார்வின் பூத்தேனில் ஜெயித்துவிட்டார்.

● நமக்குத் தெரியாத வழிக்கோடு

நம் கண்ணுக்குச் சூரியகாந்தியின் இதழ் முழுக்க ஒரே மஞ்சள். புற ஊதாக் கதிரைக் காணும் தேனீக்கு அதே இதழில் வெளிப்பக்கம் பளிச்சென்றும் உள்பக்கம் கறுத்தும் தெரியும். தேன் எங்கே இருக்கிறது என்று குறிவைத்துக் காட்டும் வட்டம் அது.

● மஞ்சள் என்றால் திறந்திருக்கிறது

உண்ணிச்செடியின் பூங்கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும். மஞ்சள் புதுப்பூ, அதில் தேன் இருக்கும். நிறம் மாறியது பழைய பூ. தேன் அனேகமாகக் காலி. பழைய பூக்களையும் உதிர்க்காமல் வைத்திருப்பதால் கொத்து தூரத்திலிருந்தே பெரிதாகத் தெரியும். கிட்டே வந்த பட்டாம்பூச்சி மஞ்சளைப் பார்த்து உட்காரும்.

● இரவில் வெள்ளை, பகலில் சிவப்பு

இரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக மலரும். இருட்டில் வெள்ளையும் வாசனையும் நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சியை அழைக்கும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கும் மறுநாள் அடர்சிவப்பு. பகலில் தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் வரும்.

● தேனீக்கும் காபி

காபிப் பூவின் தேனிலும் எலுமிச்சை, ஆரஞ்சுப் பூக்களின் தேனிலும் மிகச் சிறிதளவு காஃபின் இருக்கிறது. கசப்பு தெரியாத அளவு. காஃபின் கலந்த இனிப்பைக் குடித்த தேனீக்களில், மறுநாளும் அந்த வாசனையை நினைவு வைத்திருந்தவை மூன்று மடங்கு என்று 2013இல் ஜெரால்டின் ரைட்டின் குழு கண்டது. வாடிக்கையைத் தக்கவைக்கப் பூ செய்யும் உபசாரம்.

● ரீங்காரம் கேட்டால் இனிப்பு

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹதானியின் குழு 2019இல் ஒரு விநோதத்தை வெளியிட்டது. கடற்கரையில் வளரும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற செடிக்குத் தேனீ பறக்கும் ஓசையை ஒலிபரப்பினார்கள். மூன்று நிமிடத்துக்குள் பூத்தேனின் இனிப்பு கூடியது. வேறு அலைவரிசை ஓசைக்குச் செடி அசைந்துகொடுக்கவில்லை.

● மின்சாரம் சொல்லும் சேதி

பறக்கும் வண்டுத்தேனீயின் உடலில் நேர்மின்னூட்டம் ஏறும். பூவில் எதிர்மின்னூட்டம் இருக்கும். தேனீ உட்கார்ந்து எழுந்ததும் பூவின் மின்நிலை சற்று நேரம் மாறிவிடும். வண்டுத்தேனீக்களால் பூக்களின் மின்புலத்தை உணர முடிகிறது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2013இல் காட்டினார்கள். இப்போதுதான் யாரோ குடித்துவிட்டுப் போன பூ எது என்று தெரிந்துகொள்ள இதுவும் உதவலாம்.

● பின்வாசல் திருட்டு

மஞ்சள் மணி போலப் பூக்கும் சொர்ணபட்டியின் பூக்களை எடுத்துப் பாருங்கள். குழலின் அடியில் பல பூக்களில் சிறு கீறல் இருக்கும். மூங்கிலையும் உத்தரத்தையும் துளைக்கும் கருவண்டின் வேலை அது. வாசல் வழியாக நுழைந்தால் மகரந்தம் மேலே ஒட்டும். அந்த வேலையைச் செய்யாமலே கூலியை எடுத்துக்கொள்கிறது. அது போட்ட ஓட்டை வழியாகப் பிறகு தேனீயும் எறும்பும் தேன் எடுக்கும். இதே கருவண்டுதான் எருக்கம்பூவுக்கு நேர்மையான வேலைக்காரன் என்பதையும் சொல்ல வேண்டும். எருக்கின் மகரந்தப் பொதியைச் சுமந்து போக அந்தப் பலசாலியால்தான் முடிகிறது.

● கொடுக்காமல் ஏய்க்கும் பூ

பப்பாளியில் ஆண் பூவில் தேன் உண்டு; பெண் பூவில் கிடையாது. ஆண் பூவென்று நினைத்து அந்துப்பூச்சி வந்து ஏமாறும்போதே காய் பிடித்துவிடும். ஆர்க்கிட் இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேனே தராமல் பூச்சியை ஏமாற்றுபவை.

● கத்தரித் தோட்டத்தில் தேன் இல்லை

கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் தேன் கிடையாது. மகரந்தமும் உப்பு டப்பா போல நுனி ஓட்டைக்குள் அடைந்திருக்கும். சில காட்டுத் தேனீக்களும் கருவண்டும் பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைத்துக் கொட்டவைக்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

● கெடாமல் இருக்க மருந்து

திறந்து வைத்த சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும். பூத்தேன் அவ்வளவு எளிதில் கெடாததற்கு ஒரு காரணம், பல செடிகள் அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பது. அதையும் மீறிச் சில ஈஸ்ட்டுகள் பிழைத்துக்கொள்ளும். குளிர்நாட்டுப் பூ ஒன்றில் ஈஸ்ட் நொதிப்பதால் தேனே வெதுவெதுப்பாவதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2010இல் அளந்திருக்கிறார்கள்.

● கொசுவின் அன்றாடச் சாப்பாடு

கொசு ரத்தம் குடிப்பது வயிற்றுப் பசிக்காக அல்ல, முட்டைக்காக. அதுவும் பெண் கொசு மட்டும். பறக்கத் தேவையான தெம்புக்கு ஆணும் பெண்ணும் நம்பியிருப்பது பூந்தேனையும் பிற செடிச் சாறுகளையும். வட அமெரிக்காவில் ஒரு சதுப்புநில ஆர்க்கிட்டுக்கு மகரந்தம் சுமப்பதே கொசுதான்.

● வழுக்குப் படியில் தேன்

மேகாலயாவிலும் இலங்கையிலும் வளரும் குடுவைச் செடிகள் பூச்சியைப் பிடித்துச் செரிப்பவை. குடுவை வாயின் விளிம்பிலும் மூடியிலும் தேன் சுரக்கும். விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்பு பத்திரமாக வந்து குடித்துவிட்டு, கூட்டாளிகளுக்குச் சொல்லப் போய்விடும். மழையோ பனியோ பட்டு விளிம்பு நனைந்ததும் வழுக்கும். அழைத்து வந்த கூட்டம் மொத்தமாக உள்ளே விழும். போர்னியோவின் குடுவைச் செடியில் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

● புழுவிலும் தேன்சுரப்பி

நீலன் வகைப் பட்டாம்பூச்சிகள் பலவற்றின் புழுவுக்கு முதுகில் தேன் சுரக்கும் உறுப்பு உண்டு. எறும்பு அதைக் குடித்துவிட்டுப் புழுவுக்குக் காவல் நிற்கும். ஜப்பானில் 2015இல் ஆராய்ந்ததில், அந்தச் சுரப்பு எறும்பின் மூளையில் டோபமைனைக் குறைத்து, இடத்தைவிட்டு நகராமல் செய்வது தெரிந்தது. செடியின் தந்திரத்தைச் செடி தின்னும் புழுவும் தனியே கண்டுபிடித்திருக்கிறது.

● தேன் இல்லாப் பருத்தி

பருத்தி இலையின் அடி நரம்பில் தேன் சுரக்கும். சில அந்துப்பூச்சிகளும் சாறுண்ணிகளும் அதற்காகவே வருகின்றன என்று, ஹவாய்த் தீவின் காட்டுப் பருத்தியோடு சேர்த்துத் தேன்சுரப்பி இல்லாத ரகங்களை உருவாக்கினார்கள். தீமை செய்யும் பூச்சி குறைந்தது. நன்மை செய்யும் குளவிக்கும் தேன் இல்லாமல் போனது.

● வரப்பில் வைத்த எள்

நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியின் முட்டைக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் நுண்குளவிகள் உண்டு. வளர்ந்த குளவிக்குச் சாப்பாடு பூந்தேன். தாய்லாந்து, வியட்நாம், சீனா ஆகிய நாடுகளில் நெல்வயல் வரப்புகளில் எள் போன்ற தேன் தரும் செடிகளை வளர்த்தார்கள். பூச்சிமருந்து அடிப்பது 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. 2016இல் வெளியான கணக்கு இது. வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பருப்போடு காவலும் கிடைக்கிறது என்பதுதான் கூடுதல் சேதி.

● எந்த எறும்பு நல்ல எறும்பு?

செடியில் எறும்பு ஊர்ந்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். எறும்பு எங்கே நிற்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். இலைக்காம்பின் மருவிலோ நடுநரம்பின் குழியிலோ வாய் வைத்திருந்தால் அது தேன்சுரப்பிக்கு வந்த காவல்காரன்; விட்டுவிடுங்கள். தளிரிலும் இலையடியிலும் அசுவினியோ வெள்ளை மாவுப்பூச்சியோ கும்பலாக ஒட்டியிருக்க, அவற்றைச் சுற்றி எறும்பு மொய்த்தால் கதை வேறு. அங்கே எறும்பு குடிப்பது அந்தப் பூச்சிகளின் இனிப்புக் கழிவை, காப்பதும் அவற்றைத்தான். அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், அல்லது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். நாளைக் காலை வெயில் ஏறுமுன் வீட்டுப் பக்கத்திலிருக்கும் ஆமணக்கையோ ஆவாரையையோ பூவரசையோ ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.